எளிய புத்தகம், நிறையப் பக்கங்கள்

(பள்ளிக்கரணையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நான்காம், ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் கையில் கோடை விடுமுறைக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்பது இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருள். ஆறாம் வகுப்பையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்கப் பாட்டோ சித்தாந்தமோ கல்வெட்டோ இருக்கும் என்று வந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். அந்தப் பெரிய பொருள்களையெல்லாம் இன்னும் இருபது ஆண்டு கழித்து யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டால், இந்தச் சின்ன விஷயத்துக்குத்தான் திரும்பி வரவேண்டியிருக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் வாசகர்களாவதில்லை. ஒன்பது வயதுக்கும் பதினொரு வயதுக்கும் நடுவில் ஓரிடத்தில் வழி பிரிகிறது. வாசிப்புக் கல்வியை ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியர் ஜீன் சால், 1983-ல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார்: மூன்றாம் வகுப்பு வரை குழந்தை வாசிக்கக் கற்கிறது, நான்காம் வகுப்பிலிருந்து மற்ற எல்லாவற்றையும் வாசித்துத்தான் கற்கிறது. அறிவியலும் சமூக அறிவியலும் பத்தி பத்தியாக வரத் தொடங்கும்போது, வரியை ஓட்டிப் படிக்க முடியாத பிள்ளைக்குப் பாடம் முழுவதுமே கனத்துப்போகிறது. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகூட வாக்கியக் கணக்கில் தோற்பது இந்த வயதில்தான்.

நம் மாநிலத்து நிலைமை என்ன? ஊரகப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் அசர் அறிக்கை 2018-ல் தமிழகத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படித்ததாகச் சொன்னது. 2022-ல் அது நான்கில் ஒருவர் என்ற அளவுக்குச் சரிந்தது. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் விலை அது. 2024-க்கான அறிக்கையில் ஓரளவு மீட்சி தெரிந்தது. பள்ளிக்கரணை 2011 முதல் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஊரகக் கணக்கை இங்கே அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியாகாது. ஆனால் அந்த எண்ணுக்குள் ஒரு பொதுவான உண்மை இருக்கிறது. இரண்டு ஆண்டு பக்கம் புரட்டாவிட்டால், கற்ற வாசிப்பும் கையைவிட்டுப் போகும். வாசிப்பு, கற்றுக்கொண்டதும் முடிந்துபோகும் பாடமாக இருந்தால் இந்தச் சரிவு வந்திருக்காது. அது பழக்கத்தில் நிற்கிற திறன். அப்படியானால் விடுமுறைப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வியே மாறுகிறது. இந்தப் புத்தகம் நல்லதா, அறிவு வளர்க்குமா, நீதி சொல்லுமா என்று கேட்டுப் பழகிவிட்டோம். இந்தப் பிள்ளை இதில் எத்தனை பக்கத்தைத் தானாகப் படித்து முடிக்கும் என்பதை முதலில் கேட்கவேண்டும் என்பது என் வாதம். அதற்கு விடை தேடினால், இரண்டு பண்புகள் கொண்ட புத்தகம் வேண்டியிருக்கிறது: பாடநூலைவிட ஒரு படி எளிதாக இருக்கவேண்டும், பாடநூலைவிட நீளமாக ஓடவும் வேண்டும். சைக்கிள் பழகுகிறவருக்கு மேம்பாலம் எதற்கு? நீண்ட சமதளச் சாலைதான் தேவை.

எளிமை வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குத் தமிழிலேயே காரணம் இருக்கிறது. வீட்டில் "வந்துட்டிருக்காங்க" என்று பேசுகிற குழந்தை, அச்சில் "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்பதைச் சந்திக்கிறது. பாடநூல் இன்னும் ஒரு படி ஏறி "வந்துகொண்டிருக்கின்றனர்" என்று எழுதுகிறது. பொருள் குழந்தைக்குத் தெரியும். அந்த உருவம்தான் கண்ணுக்குப் புதிது. வேற்றுமை உருபும் துணைவினையும் இடைச்சொல்லும் ஒட்டி ஒட்டி ஒரே சொல்லாக நீள்வதால், கண் ஒரே பார்வையில் பிடிக்க வேண்டிய எழுத்துகள் தமிழில் அதிகம். "பள்ளிக்கூடத்திலிருந்துதான்" என்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை, கடைசி எழுத்துக்கு வரும்போது முதலெழுத்தை விட்டிருக்கும். இலக்கணம் சொல்லிக்கொடுத்து இதைத் தீர்க்க முடியாது. அதே உருவம் நூறு முறை, இருநூறு முறை கண்ணில் படும்போது தானாகவே முழுச் சொல்லாக அடையாளம் தெரிகிறது. கனமான சொற்கள் நிரம்பிய பத்துப் பக்கத்தில் இது நடப்பதில்லை. தெரிந்த சொற்கள் திரும்பத் திரும்ப வருகிற நூறு பக்கத்தில் நடக்கிறது. ஏறக்குறைய நாற்பது நாள் விடுமுறையில் நாளுக்கு இருபது பக்கம் என்று வைத்தால் எண்ணூறு பக்கம். பதினாறு பக்கப் படக்கதைகளாகக் கொடுத்தால் ஐம்பது புத்தகம் வேண்டும். நூறு பக்கக் கதைகளானால் எட்டே போதும். படக்கதை ஐந்து நிமிடத்தில் முடிந்து, அடுத்ததைத் தேடவேண்டிய வேலையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறது. நூறு பக்கக் கதை நேற்று விட்ட இடத்துக்கு இன்று இழுக்கிறது.

கோடை வாசிப்பைப் பற்றி நன்றாக அளக்கப்பட்ட ஆய்வுகள் அமெரிக்காவில்தான் நடந்திருக்கின்றன. அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றுவதால்தான் பயனுள்ளவை. ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மக்கில்-ஃபிரான்ஸன் குழுவினர் ஃபுளோரிடாவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் 17 பள்ளிகளில் ஒரு வேலை செய்தார்கள். முதல், இரண்டாம் வகுப்பு முடிக்கும் தறுவாயில் இருந்த 852 பிள்ளைகளைப் புத்தகக் கண்காட்சி ஒன்றுக்கு அழைத்துவந்து, ஆளுக்குப் பன்னிரண்டு புத்தகம் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கோடைக்குக் கொடுத்தார்கள். மூன்று கோடை தொடர்ந்து இப்படிக் கொடுத்தபின், புத்தகம் பெறாத 478 பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். புத்தகம் பெற்றவர்கள் வாசிப்பில் தெளிவாக முன்னே நின்றார்கள். மிக வறிய பிள்ளைகளிடம் பயன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. அந்த முன்னேற்றம் கோடை வகுப்புகளால் கிடைப்பதற்குச் சளைத்ததாக இல்லை என்று 2010-ல் எழுதினார்கள். பிள்ளைகள் எவற்றை அள்ளினார்கள் என்று பார்த்தால் தமிழ்ப் பெற்றோர் நெற்றியைச் சுருக்குவார்கள்: அந்நாளைய பாடகர்கள், நடிகர்கள், தொலைக்காட்சிப் பாத்திரங்கள் பற்றிய புத்தகங்கள் முன்வரிசையில் இருந்தன. ஆயினும் பலன் கிடைத்தது.

இரண்டாவது ஆய்வு நாம் பேசும் வயதுப் பிள்ளைகளைப் பற்றியதே. ஜேம்ஸ் கிம், தாமஸ் ஒயிட் இருவரும் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அவர்களுடைய தரத்துக்கும் விருப்பத்துக்கும் பொருந்திய புத்தகங்களை மட்டும் கோடையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் சில குழுக்களுக்குப் புத்தகத்தோடு, விடுமுறைக்கு முன்பே வகுப்பில் வாசிக்கும் முறையைப் பயிற்றுவித்து, வீட்டில் பெரியவர் ஒருவர் பிள்ளை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்கும்படி ஏற்பாடு செய்தார்கள். 2008-ல் வெளியான முடிவில், புத்தகம் மட்டும் பெற்ற குழு சொல்லும்படியாக முன்னேறவில்லை. புத்தகத்தோடு துணையும் பெற்ற குழு முன்னேறியது. முதல் ஆய்வைக் காட்டி "புத்தகத்தைக் கையில் கொடு, போதும்" என்று சொல்வோரும், இரண்டாவதைக் காட்டி "கொடுத்துப் பயனில்லை" என்று சொல்வோரும் இருக்கிறார்கள். எனக்கு இவற்றில் முரண் தெரியவில்லை. ஒன்றில் பிள்ளை தானே பொறுக்கியது. அதுவும் மூன்று ஆண்டு, ஆண்டுக்குப் பன்னிரண்டு. மற்றதில் பொருத்தமானதை ஆய்வாளர் தெரிந்து அனுப்பினார், ஒரே கோடை. பிள்ளைக்குத் தேர்வுரிமை இருக்கும்போதும், எண்ணிக்கை கூடும்போதும் வாசிப்பு நடக்கிறது. அவை குறையும் இடத்தை, கேட்பதற்கு ஒரு காது இருந்தால் நிரப்பலாம். மூன்றும் சேர்ந்தால் நல்லது. அமெரிக்க விடுமுறை பத்து வாரம், நமக்கு ஐந்தாறு வாரம்தானே, அந்த ஆய்வு இங்கே எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கோடையில் பிள்ளைகள் உண்மையிலேயே எவ்வளவு மறக்கிறார்கள் என்பதில் அங்கேயே சண்டை இருக்கிறது. என் வாதம் மறதியை நம்பி நிற்கவில்லை. தேர்வும் வீட்டுப்பாடமும் இல்லாத ஒரே காலம் இதுதான். பாடநூலுக்கு வெளியே எண்ணூறு பக்கம் படிப்பதற்கு ஆண்டில் வேறு இடமே இல்லை.

இப்போது நம் அலமாரிக்கு வருவோம். எளிமையும் நீளமும் சேர்ந்த வாசிப்பு தமிழில் ஒரு காலத்தில் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் அது பெரும்பாலும் புத்தகமாகக் கிடைக்கவில்லை, இதழாகக் கிடைத்தது. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமா, ஆர்வி ஆசிரியராக இருந்த கண்ணன், 1972-ல் கல்கி நிறுவனம் தொடங்கிய கோகுலம், 1980-களில் வாண்டுமாமா ஆசிரியராக இருந்து நடத்திய பூந்தளிர் என்று ஒரு பெரும் வரிசை. சிவகாசியிலிருந்து 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு கிளம்பிய முத்து காமிக்ஸையும் இதில் சேர்க்காமல் விட்டால் வரலாறு பாதிதான். 1950-ல் அழ. வள்ளியப்பா முன்னின்று தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கம் இந்த இதழ்களுக்கு எழுதும் ஒரு தலைமுறையையே வளர்த்தது. இவற்றில் வந்ததெல்லாம் இலக்கியம் என்று நான் சொல்லமாட்டேன். அம்புலிமாமாவின் அரசர்களும் மந்திரிகளும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். மாயாவி கதையின் தமிழில் ஒரே வார்த்தை பத்துப் பக்கத்துக்கு வரும். அந்தக் குறையே வாசகப் பிள்ளைக்கு வசதியாக அமைந்தது. அதே பாத்திரம், அதே வாக்கிய நடை, "தொடரும்" என்று முடியும் அத்தியாயம், மாதாமாதம் கடையில் தொங்கும் புது இதழ். கடினத்தைக் குறைத்து அளவைக் கூட்டும் வேலையை யாரும் திட்டமிடாமலேயே வணிகம் செய்தது. அதில் பயின்ற பிள்ளைகள் பதின்மூன்று பதினான்கு வயதில் கல்கிக்கும் சாண்டில்யனுக்கும் தாவுவது இயல்பாக நடந்தது.

அந்த இதழ்களில் பெரும்பாலானவை இன்று கடையில் இல்லை. அம்புலிமாமா 2010-களின் தொடக்கத்தில் நின்றுபோனது. 1999-ல் வந்த சுட்டி விகடன் 2020-ல் அச்சை நிறுத்திக்கொண்டது. 1987 முதல் வரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் போன்ற சில தாக்குப்பிடித்து நிற்கின்றன. இடைவெளியை நிரப்ப அரசு முயலவில்லை என்று சொல்வது அநியாயம். பள்ளிக்கல்வித் துறை 2022-ல் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல் இதழையும் ஆறு முதல் ஒன்பது வரைக்குத் தேன்சிட்டு இதழையும் தொடங்கியது. அடுத்த ஆண்டு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு தரமாகப் பிரித்துப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. வகுப்பைப் பார்த்துப் புத்தகம் கொடுக்காமல் பிள்ளையின் வாசிப்பைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அரசுத் திட்டமாகவே வந்தது பெரிய மாற்றம். ஏழாம் வகுப்புப் பிள்ளை "நட" புத்தகத்தை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பள்ளியே சொல்கிறது. ஆனால் அந்தச் சிறு புத்தகங்கள் ஒரே அமர்வில் முடிந்துவிடுபவை. "பற" என்ற கடைசித் தரத்தைத் தாண்டிய பிள்ளை அடுத்து எங்கே போவது? அங்கேதான் தமிழ்க் குழந்தை இலக்கியத்தின் பள்ளம் இருக்கிறது. ஒரு கரையில் பதினாறு, இருபத்துநான்கு பக்க வண்ணக் கதைகள். அவற்றில் தூளிகா, தாரா, பிரதம், நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டவற்றில் அருமையானவை உண்டு. மறுகரையில் பெரியவர் நாவல்கள். நடுவில் எண்பது முதல் நூற்றைம்பது பக்கம் வரை எளிய நடையில் ஓடும் கதைகளின் எண்ணிக்கை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

சொற்பம்தான், ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. சாகித்திய அகாதமி 2010 முதல் வழங்கும் பால சாகித்திய புரஸ்கார் பட்டியலைப் பார்த்தாலே ஒரு சிறிய அலமாரி நிரம்பும். முதல் ஆண்டு பரிசு பெற்ற மா. கமலவேலனின் "அந்தோணியின் ஆட்டுக்குட்டி", 2014-ல் இரா. நடராசனின் "விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்", 2020-ல் யெஸ். பாலபாரதியின் "மரப்பாச்சி சொன்ன ரகசியம்", 2023-ல் கீழடியைக் கதைக்குள் கொண்டுவந்த உதயசங்கரின் "ஆதனின் பொம்மை", 2025-ல் விஷ்ணுபுரம் சரவணனின் "ஒற்றைச் சிறகு ஓவியா" என்று சொல்லிக்கொண்டு போகலாம். இவற்றில் நம் பிள்ளைகள் பேசுகிற பேச்சும் அவர்கள் போகிற பள்ளிக்கூடமும் இருக்கின்றன. மரப்பாச்சி, குழந்தைமீதான பாலியல் சீண்டல் என்ற கனமான விஷயத்தையே அந்த வயதின் மொழியில் பேசுகிறது. குறை ஒன்றுதான்: ஒன்று பிடித்துப்போன பிள்ளை, அதே பாத்திரம் வரும் அடுத்த புத்தகத்தைக் கேட்டால் பெரும்பாலும் கொடுக்க இருக்காது. தனித்தனி நல்ல புத்தகங்கள் உண்டு, தொடர் வரிசைகள் குறைவு. வாண்டுமாமாவின் பழைய கதைகள் மறுபதிப்பு வந்தவுடன் விற்றுப்போவதற்கு, இன்றைய தாத்தாக்களின் ஏக்கம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பிறகு, பரிந்துரைப் பட்டியல்களில் தவறாமல் இடம்பிடிக்கும் சில புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. டோட்டோ-சான், குட்டி இளவரசன் இரண்டையும் இந்த வயதுக்குப் பரிந்துரைக்காத ஆசிரியரைப் பார்ப்பது கடினம். இரண்டும் உயர்ந்த நூல்கள். குட்டி இளவரசனைப் பிரெஞ்சிலிருந்து வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் மொழிபெயர்த்து க்ரியா வெளியிட்டது தமிழுக்கு ஒரு பேறு. ஆனால் டோட்டோ-சான் 1981-ல் நூலாக வருமுன் ஜப்பானில் இளம்பெண்களுக்கான இதழில் தொடராக வந்தது. குட்டி இளவரசனில் வளர்ந்தவர் இழந்த ஒன்றைப் பற்றிய துயரம் ஓடுகிறது. பெரியவர்கள் குழந்தைப் பருவத்தை நினைத்து ஏங்கும் புத்தகம் குழந்தைக்கும் பிடிக்கலாம். பிடித்தே ஆகவேண்டும் என்று இல்லை. குவியலில் வைப்போம், கையில் திணிக்கவேண்டாம். நான் உறுதியாக எதிர்ப்பது வேறு இரண்டை. ஒன்று, பெருங்காவியங்களையும் பெருநாவல்களையும் நூறு பக்கத்துக்குச் சுருக்கிக் குழந்தைகளுக்கென்று விற்பது. சுருக்கினால் எளிதாகும் என்பது தவறான நினைப்பு. பொன்னியின் செல்வனைச் சுருக்கும்போது போவது கல்கியின் நிதானம். மிஞ்சுவது பெயர்களின் நெரிசல். மூல நூலையே ஐந்து பாகமும் விழுந்து விழுந்து படிக்கிற பதினொரு வயதுப் பிள்ளைகள் உண்டு. ஏனென்றால் அது நீளம், ஆனால் எளிது. மற்றது, நூறு நீதிக்கதைகள், நூற்றியொரு தெனாலிராமன் கதைகள் என்று நடைபாதையிலும் ரயில் நிலையத்திலும் விற்கும் தொகுப்புகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் கருத்து. இரண்டு வரிக்கு ஓர் அச்சுப்பிழை. கதைக்குள் மூழ்குவதற்கு முன்பே கதை முடிந்து கண்டிப்பு வந்துவிடுகிறது. வாங்குமுன் நடுப்பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் போதும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு இடத்தில் தடுக்கினால் அது அடுத்த ஆண்டுக்கான புத்தகம்.

கதையல்லாதவையும் கணக்கில் சேரும். இதைப் பள்ளிக்கரணையில் நின்று சொல்வதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் நம் பிள்ளைகள் போய்வரும் சாலையோரத்திலேயே கிடக்கிறது. பெருங்குடிக் குப்பைமேடும் அதே நிலத்தின்மீதுதான் எழுந்திருக்கிறது. வலசை வாத்துகள் பெரும்பாலும் கிளம்பிவிட்ட மே மாதத்திலும் நீலத் தாழைக்கோழியும் முக்குளிப்பானும் நீர்க்காகமும் கண்ணில் படும். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய பறவைகள் கையேட்டைப் போன்ற ஒரு நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை யாரும் படிப்பதில்லை; பார்த்த பறவையைத் தேடி முன்னும் பின்னும் புரட்டுகிறார்கள். அதுவும் வாசிப்பே. கதை பிடிக்காத பிள்ளை என்று நாம் முத்திரை குத்துகிறவர்களில் பலர், தகவல் பிடித்த பிள்ளைகள். தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் இதே ஊரில்தான் இருக்கின்றன. கடலடி இயந்திரம், காற்றாலை, கிரிக்கெட், டைனோசர் எதுவானாலும் பிள்ளை விரும்பிப் புரட்டுகிற பக்கம் பக்கம்தான். 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகப் பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து கொண்டுவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம், இந்தப் பசியை அறிந்தே உருவானது. அதன் தகவல்கள் பழையவை. அப்படி ஒன்றைப் புதிதாகச் செய்ய நம்மிடம் ஆளில்லையா?

இனி மறுப்புகள். முதலாவது, எளியதையே கொடுத்தால் சுவை கெட்டுப்போகாதா என்பது. இதை இலக்கியவாதிகள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. வாழ்நாள் முழுக்க மாயாவியிலேயே நின்றுவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வாசிப்பவர்களாகவாவது நின்றார்கள். ஒன்பது வயதில் கனமான நூலைக் கொடுத்து விலகிப்போன பிள்ளைக்குச் சுவை வளர வாய்ப்பே இல்லாமல் போகிறது. தவிர, எல்லாவற்றையும் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குவியலைச் சேர்ப்பது பெரியவர் வேலை. அதில் தரமும் பார்க்கலாம், சாதியையோ நிறத்தையோ பெண்ணையோ இழிவுசெய்யும் பழைய கதைகளை ஒதுக்கலாம், பரிசு பெற்றவற்றை நடுவில் செருகலாம். குவியலிலிருந்து எடுப்பது பிள்ளையின் வேலை. எடுத்ததைப் பாதியில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பதும் அந்த உரிமையில் சேர்த்தி. தேர்வு பெரியவருடையது, படிப்பது மட்டும் பிள்ளையுடையது என்று பிரித்தால் அது இன்னொரு பாடநூலாகிவிடும். படித்ததற்குச் சுருக்கம் எழுதிக் காட்டு என்று கேட்பதையும் இங்கேயே கைவிட்டுவிடலாம். பிள்ளை வாய்விட்டுப் படிக்கும் இரண்டு பக்கத்தைக் கேட்பது போதும். எழுதப்படிக்கத் தெரியாத பாட்டியும் அதைச் செய்யலாம்.

இரண்டாவது மறுப்பு இந்தப் பகுதிக்கே உரியது. வேளச்சேரி முதல் தாம்பரம் வரை தனியார் பள்ளிகள் பெரும்பாலும் ஆங்கில வழி. பல பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் கதை படிக்கிறார்கள், தமிழ் எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் படிப்பதில் எனக்குப் புகார் இல்லை. அவர்கள் கையில் இருப்பதைப் பாருங்கள்: இத்தாலியில் பிறந்த ஜெரோனிமோ ஸ்டில்டன் என்ற எலி, 2007-ல் புத்தகமாக வந்த ஜெஃப் கின்னியின் விம்பி கிட். கோட்டோவியம், பெரிய எழுத்து, எளிய வாக்கியம், டஜன் கணக்கில் தொடர். பெரியவர் எவரும் உயர்ந்த இலக்கியம் என்று சொல்லாத அந்தப் புத்தகங்களில்தான் அந்தப் பிள்ளைகள் வேகம் பெற்றார்கள். என் வாதத்துக்கு இதைவிட நெருக்கமான சாட்சி இல்லை. அதே பிள்ளை தமிழில் தடுமாறுவதற்குக் காரணம், தமிழில் அந்தப் பக்கங்கள் அதன் கண்ணில் படாததே. ஆகவே ஆங்கிலத்தில் ஐந்தாம் வகுப்புத் தரத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழில் மூன்றாம் வகுப்புத் தரத்துப் புத்தகம் கொடுப்பதில் கூச்சம் வேண்டாம். கட்டட வேலைக்கும் கணினி வேலைக்கும் வந்து குடியேறிய தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். பிரதமும் நேஷனல் புக் டிரஸ்டும் அந்த மொழிகளிலும் வெளியிடுகின்றன. போன் இருக்கும்போது புத்தகமா என்ற மூன்றாவது மறுப்புக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. 2015-ல் பிரதம் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் தரவாரியாக இலவசமாகவே இருக்கின்றன. குறுங்கதைக்கு அது உதவும். நீண்ட கதைக்கு, நடுவே வந்து குதிக்கும் வீடியோக்கள் எதிரி.

நான்காவதுதான் உண்மையான தடை: புத்தகத்துக்கு எங்கே போவது? சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடக்கிறது. வழக்கமாக ஜனவரியை ஒட்டி. பிள்ளைக்கு நேரம் இருப்பது மே மாதத்தில். ஜனவரியில் ஆசையாக வாங்கியது முழு ஆண்டுத் தேர்வுக்காகப் பரண் ஏறி, பலசமயம் அங்கேயே தங்கிவிடுகிறது. வீட்டில் காசில்லாத பிள்ளைக்கு அந்த ஜனவரியும் இல்லை. பள்ளியில் அரசு கொடுத்த புத்தகங்கள் இருக்கின்றன. விடுமுறை விட்டதும் அலமாரி பூட்டப்படுகிறது. காரணம் எல்லாருக்கும் தெரியும்: இருப்புப் பதிவேடு. புத்தகம் தொலைந்தால் ஆசிரியர் பதில் சொல்லவேண்டும் என்ற பயம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த நூலக விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்பாட்டுக்கானவை என்பது. அதே 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அது. சொத்து வரியோடு நூலக வரியும் அந்தச் சட்டத்தின்படி வசூலாகிறது. பள்ளிக்கரணையில் எழுந்திருக்கும் இத்தனை அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அந்த வரியைக் கட்டுகின்றன. கட்டுகிறவர்களில் பலருக்குக் கட்டுவதே தெரியாது. பக்கத்துக் கிளை நூலகத்தில் குழந்தைப் பகுதி எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. மாட்டுவண்டியின் வேலையைச் செய்ய இன்று ஒரு ஆட்டோ போதும்.

இந்த அறக்கட்டளை போன்ற அமைப்புகளால் ஆகக்கூடியது என்று எனக்குப் படுவது இரண்டு. ஒன்று, எண்பது முதல் நூற்றைம்பது பக்க அளவில், ஒரே பாத்திரங்கள் வரும் நான்கைந்து பாகக் கதைவரிசை எழுத எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் சேர்த்தே நல்கை தருவது; பரிசு, எழுதி முடித்தபின் வருகிறது, தொடரை வளர்ப்பதில்லை. சதுப்புநிலத்தையே களமாக வைத்து ஒன்று வந்தால் நன்று, கட்டாயமில்லை. மற்றது, இந்தப் பகுதிப் பள்ளிகள் முழு ஆண்டுத் தேர்வின் கடைசி நாளில் புத்தகங்களை மேசையில் பரப்பி, பிள்ளைக்கு எட்டு வீதம் பொறுக்கிப்போக விடும்போது, தொலைகிறவற்றுக்கு ஈடுகட்ட ஒரு தொகையை ஒதுக்கிவைப்பது. பதில் சொல்லவேண்டிய சுமை ஆசிரியர் தலையிலிருந்து இறங்கினால்தான் பூட்டு திறக்கும். ஜூனில் திரும்ப வாங்கும்போது பதிவேட்டில் இன்னும் ஒரு பத்தி போட்டுக்கொள்ளலாம்: எந்தப் புத்தகம் அதிகம் கிழிந்து வந்தது, எது போனபடியே புதிதாக வந்தது. கிழிந்த தலைப்புகளில் அடுத்த ஆண்டுக்கு இரண்டு பிரதி கூடுதலாக வாங்கலாம்.